நிபா: இரண்டாவது நோயாளியிடம் பிடிபட்ட தொற்று

2018 மே 5ஆம் தேதி கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருபதுகளில் இருந்த இளைஞர் ஒருவர் இறந்தார். காய்ச்சல், வாந்தி, அப்புறம் மூளைக்காய்ச்சலுக்கான அறிகுறிகள். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் சேர்த்து, அங்கே நிலைமை மோசமானதும் மேல்சிகிச்சைக்கு அனுப்பிவைக்கப்பட்டவர். மூளைக்காய்ச்சலில் ஒருவர் இறப்பது எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் புதிதல்ல. எந்தக் கிருமி என்று தெரியாமலேயே முடிந்துபோகும் மூளைக்காய்ச்சல் மரணங்கள் நம் நாட்டில் ஏராளம். இவருடைய மரணமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதே வீட்டில் அவருடைய சகோதரர் படுத்தார். அப்பாவுக்கும் அத்தைக்கும் காய்ச்சல். சகோதரரை கோழிக்கோட்டில் உள்ள பேபி மெமோரியல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் அனூப் குமாரும் அவருடைய சகாக்களும் இரண்டு விஷயங்களைக் கவனித்தார்கள். நோயாளியின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாக ஏறின, தசைகள் துடித்துத் துடித்து அடங்கின. வழக்கமான மூளைக்காய்ச்சலில் அப்படிப் பார்ப்பது அரிது. இரண்டாவது விஷயம், ஒரே வீட்டில் இத்தனை பேர். வழக்கமான மூளைக்காய்ச்சல் வீடு முழுவதையும் இப்படி வரிசையாகச் சாய்ப்பதில்லை. மாதிரிகளை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்கு அனுப்பினார்கள். மருத்துவர் அருண்குமார் தலைமையில் இயங்கிய அந்த மையம் நிபா என்றது. மே 20 அன்று புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் அதை உறுதிசெய்தது.

அதுவரை தென்னிந்தியா பார்த்தே இராத கிருமி அது. அதற்குத் தடுப்பூசி கிடையாது, நிரூபிக்கப்பட்ட மருந்தும் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றை இரண்டாவது நோயாளியிடமே அடையாளம் கண்டது சாதாரண விஷயமில்லை. கேரளத்தின் நிபா அனுபவத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதற்குப் பின் நடந்ததைத்தான் அதிகம் சொல்வார்கள்: கவச உடைகள், அப்போதைய கேரள சுகாதார அமைச்சர் சைலஜாவின் தினசரிச் செய்தியாளர் சந்திப்புகள், வீட்டுக் கண்காணிப்பில் ஆயிரக்கணக்கானோர். எல்லாம் முக்கியமானவைதான். ஆனால் அவை அத்தனையும் மே 20க்குப் பிறகே தொடங்க முடிந்தது. பெயர் தெரியாத நோயை எதிர்த்து அரசு இயந்திரம் நகராது. தொற்றுநோய்க்கு ஒரு சமூகம் எந்த அளவு தயாராக இருக்கிறது என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: அந்த நோயின் பெயர் எத்தனையாவது நோயாளியிடம் தெரியவருகிறது?

பெயர் தெரியாமல் போன மாதங்கள்

இதே வைரஸ் முதன்முதலில் மனிதர்களிடம் வந்தபோது என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் இந்த அளவுகோலின் கனம் புரியும்.

1998 செப்டம்பர் வாக்கில் மலேசியாவின் ஈப்போ அருகே பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்யப்பட்டது. அதில் நியாயமும் இருந்தது: பன்றியில் பெருகிக் கொசு வழியாக மனிதனுக்கு வரும் நோய் அது, அந்த நாட்டில் இருக்கவும் செய்தது. கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளை வந்த விலைக்கு விற்க, அந்தப் பன்றிகளோடு சேர்ந்து நோயும் தெற்கே நெகிரி செம்பிலானுக்கு இறங்கியது.

கண்ணெதிரே இருந்த குறிப்புகள் எல்லாமே வேறு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வயது வந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு எல்லோரையும்தான் கடிக்கிறது, ஆனால் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கு மட்டும் நோய் வந்தது. சீனர்களும் அவர்களுடைய பண்ணைகளில் வேலை பார்த்த இந்திய வம்சாவளியினரும் பாதிக்கப்பட, பன்றிப் பக்கமே போகாத மலாய்க்காரர்கள் தப்பித்தார்கள். போதாததற்குப் பன்றிகளே நோயுற்று, தூரத்திலிருந்து கேட்கும்படி இருமிக்கொண்டிருந்தன.

மலாயா பல்கலைக்கழகத்தில் இருந்த சுவா காவ் பிங் என்ற வைரஸ் ஆய்வாளர் நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸ் ஒன்றை வளர்த்தெடுத்து, 1999 மார்ச்சில் அதை அமெரிக்காவுக்கே எடுத்துக்கொண்டு போனார். அது இதுவரை அறியப்படாத கிருமி என்பது அங்கே உறுதியானது. மாதிரி எடுக்கப்பட்ட சுங்கை நிபா கிராமத்தின் பெயரே வைரஸுக்கு வந்தது. பரவல் முடிவதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள். இறக்குமதியான பன்றிகள் வழியாக சிங்கப்பூரில் 11 இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு நோய் வந்து ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகுதான் அடங்கியது. தவறான பெயரை வைத்துக்கொண்டு முழு மூச்சாகப் போராடியும் அரை ஆண்டு போய்விட்டது.

இந்தியாவில் நடந்தது இன்னும் வேதனை. 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு மர்மக் காய்ச்சல், 45 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் பெரும்பகுதி மருத்துவமனை ஊழியர்களும் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும். அது நிபா என்று உலகுக்குத் தெரியவந்தது 2006இல், சேமித்து வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தபோது. ஐந்து ஆண்டுகள்! மருத்துவமனைக்குள்ளேயே ஆளுக்கு ஆள் பரவும் என்ற மிக முக்கியமான பாடம், கற்றுக்கொள்ள வேண்டியவர்களிடம் அவ்வளவு காலம் போய்ச் சேரவே இல்லை.

ஆக, மலேசியாவில் ஆறு மாதம், சிலிகுரியில் ஐந்து வருடம், கோழிக்கோட்டில் முதல் மரணத்திலிருந்து பதினைந்து நாள். இடையில் என்ன மாறியது? கருவிகள் மாறின. பிசிஆர் சோதனை பரவலானது, புனேயில் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலை கொண்ட ஆய்வகம் 2012இல் வந்தது. ஆனால் அதைவிட முக்கியமாக நான் கருதுவது, மணிப்பால் மையம் அந்த வாரம் என்ன வேலையில் இருந்தது என்பதை. காரணம் தெரியாத கடுங்காய்ச்சல் நோயாளிகளின் மாதிரிகளைப் பல மாநிலங்களிலிருந்து வாங்கிச் சோதிக்கும் திட்டம் ஒன்றை அது ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தது. எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், டெங்கு என்று சலிப்பூட்டும் அன்றாட வேலை. அந்த வேலைக்காகவே நிபாவைச் சோதிக்கத் தேவையான பொருட்களும் பயிற்சியும் கையில் இருந்தன. நோய் வந்த பிறகு டெண்டர் விட்டு வாங்கும் சாமான் இல்லை இது. மாதிரி வந்து சேர்ந்த அன்றைக்கே அது குளிர்ப்பெட்டியில் இருந்தாக வேண்டும்.

ஸ்கேன் அறை வாசல்

சரி, இரண்டாவது நோயாளியிடம் கண்டுபிடித்தாயிற்று. அப்படியானால் அத்தோடு நின்றிருக்க வேண்டுமே? நிற்கவில்லை. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர், அவர்களில் பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே. மாதிரி எடுக்கப்படாமலேயே இறந்தவர்களையும் பின்னர் சேர்த்துக் கணக்கிட்டபோது மொத்தம் 23 பேர், 21 மரணங்கள்.

இந்த முரணுக்கு விடை நோயின் கால அட்டவணையில் இருக்கிறது. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய அந்தப் பரவலில் ஆறு முதல் பதினான்கு நாள் ஆனது. மே மாதத்தின் முதல் வாரத்தில் முதல் நோயாளியிடமிருந்து தொற்றிக்கொண்டவர்கள் மே நடுவில்தான் படுக்கிறார்கள். சகோதரரின் சோதனை முடிவு வந்த அன்று மற்றவர்கள் பெரும்பாலோருக்குள் கிருமி ஏற்கெனவே இருந்தது. அந்த நாளில் எந்த நடவடிக்கையாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. காப்பாற்ற முடிந்தது அவர்களுக்கு அடுத்த வரிசையை.

பிறகு தொற்றியல் ஆய்வாளர்கள் ஒவ்வொருவராகப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனபோது, பெரும்பாலானோருக்கு நேரடியாக முதல் நோயாளியிடமிருந்தே தொற்றியிருப்பது தெரிந்தது. வீட்டில் சிலருக்கு. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவர் படுத்திருந்த வார்டில் சிலருக்கு. அதிகம் பேருக்கு, மருத்துவக் கல்லூரியில் சிடி ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த வராந்தாவில்.

அந்த வராந்தாவைக் கற்பனை செய்துகொள்ள நமக்குச் சிரமமே இல்லை; நம் ஊர் பெரிய ஆஸ்பத்திரி எதற்குள் போனாலும் அது இருக்கும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர், பக்கத்தில் சக்கர நாற்காலி, சுவரோரம் தரையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு நோயாளியின் குடும்பம், ரிப்போர்ட் வாங்க நிற்பவர்கள், தள்ளிக்கொண்டு போகும் ஊழியர். நடுவில் ஒருவர் இருமுகிறார், வாந்தி எடுக்கிறார். யாரோ முன்பின் தெரியாதவர்கூடக் கைகொடுத்துத் தாங்கிப் பிடிப்பார். நம் மக்களின் நல்ல குணம் அது. அன்றைக்கு அந்த வராந்தாவுக்கு வேறு யாருடைய சிகிச்சைக்காகவோ வந்தவர்கள், அந்த இளைஞரின் பெயர்கூடத் தெரியாதவர்கள், இரண்டு வாரத்தில் இறந்துபோனார்கள்.

நம்முடைய மருத்துவமனைகள் நோயாளியோடு கூட இருப்பவர்களை நம்பியே நடக்கின்றன. வாய் துடைப்பது, துணி மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது வரை குடும்பத்தார்தான் செய்கிறார்கள், ஏனென்றால் செவிலியர் எண்ணிக்கை போதாது. இப்படிச் செய்பவர்களுக்குக் கையுறை இல்லை, கை கழுவ அருகில் குழாய் இல்லை, யாரும் எதையும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. நிபா காற்றில் வெகுதூரம் பறந்து பரவும் கிருமி கிடையாது. நெருங்கிப் பழகி, எச்சில், சளி, வாந்தி, சிறுநீர் படும் இடத்தில்தான் தொற்றுகிறது. இருமும் நோயாளிக்கு ஒரு முகக்கவசம் மாட்டி, தனியே ஓர் இடத்தில் படுக்க வைத்து, தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தால் அந்த மரணங்களில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். அதற்கு நிபா என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. காய்ச்சலும் இருமலும் உள்ள எல்லோருக்கும் எல்லா நாளும் செய்ய வேண்டிய காரியம் அது.

பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி புதுசேரி, நோய் உறுதியான மறுநாளே, மே 21 அன்று இறந்தார். சிறு வயதில் இரண்டு மகன்கள். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தவர். தனிமை வார்டில் கிடந்தபடி அவர் கணவருக்கு எழுதிய சிறு கடிதத்தை நாடே படித்து அழுதது. கேரளம் அவரைத் தியாகியாகக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் தாலுகா மருத்துவமனை வார்டில் அன்று இரவு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் என்னென்ன இருந்தன என்ற கேள்வியை அந்தப் புகழ்ச்சி மூடிவிடக் கூடாது. செவிலியரின் உயிரைத் துணிச்சல் காப்பாற்றாது. கையுறையும் முகக்கவசமும் போதுமான ஆட்களும்தான் காப்பாற்றும்.

2,600 பேரின் பட்டியல்

பெயர் தெரிந்த பிறகு கேரளம் செய்ததை விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் பட்டியல். நோய் உறுதியான ஒவ்வொருவரும் நோய் தொடங்கிய நாளிலிருந்து எங்கெங்கே போனார், யாரைத் தொட்டார், எந்த வார்டில் படுத்தார் என்று விசாரித்து, அவர்களோடு தொடர்பில் வந்தவர்களைத் தேடினார்கள். சொல்வதற்கு எளிது. குறிப்பிட்ட ஒரு நாளில் ஸ்கேன் அறை வாசலில் நின்றவர்கள் யார் என்று இரண்டு வாரம் கழித்து எப்படிக் கண்டுபிடிப்பது? புறநோயாளிப் பதிவேடு, ஸ்கேன் பதிவேடு, வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களின் முகவரி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பதிவேட்டில் நோயாளி பெயர் இருக்கும், கூட வந்த மச்சான் பெயர் இருக்காது. அந்த மச்சானைத் தேடிப்பிடிப்பது பஞ்சாயத்து உறுப்பினரும் ஆஷா பணியாளரும் சுகாதார ஆய்வாளரும் சேர்ந்து செய்யும் வேலை. இப்படிச் சேர்ந்த பட்டியல் 2,600 பேரைத் தாண்டியது.

பட்டியலில் இருந்தவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். தினமும் போனில் விசாரித்தார்கள்: காய்ச்சல் உண்டா, தலைவலி உண்டா? காய்ச்சல் என்றால் ஆம்புலன்ஸ் வீட்டுக்கு வரும், நேரே தனிமை வார்டு. வராந்தாவில் காத்திருக்கும் பேச்சே இல்லை. இந்த ஏற்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காய்ச்சல் வந்தவர் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்றால் இன்னொரு வராந்தா உருவாகிவிடும்.

வீட்டுக்குள் அடைந்து கிடப்பவருக்கு அரிசி யார் கொடுப்பது? தினக்கூலிக்காரரை மூன்று வாரம் வெளியே வராதே என்றால், சட்டம் என்ன சொன்னாலும் அவர் நான்காம் நாள் வேலைக்குப் போய்விடுவார். போகாமல் என்ன செய்வார்? வீடுகளுக்கு உணவுப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பள்ளிகள் திறப்பதைக் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் ஜூன் 12 வரை தள்ளிவைத்தார்கள்.

மருத்துவமனைகளில் கவச உடை வந்து சேர்ந்ததும் அதைப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். கழற்றுவது அதைவிடக் கடினம். போடும்போது உடை சுத்தமாக இருக்கிறது. கழற்றும்போதுதான் வெளிப்பக்கம் முழுக்கக் கிருமி. முதலில் கையுறை, பிறகு மேலங்கியை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக் கழற்ற வேண்டும். கண்ணாடி கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடக் கூடாது. முகக்கவசம் கடைசியில், அறையை விட்டு வந்த பிறகு. நடுவிலும் முடிவிலும் கை கழுவ வேண்டும். எட்டு மணி நேரம் அந்தப் புழுக்கத்தில் வேலை பார்த்துக் களைத்தவர் மூக்கைச் சொறிய ஒரு நொடி கை தூக்கினால் போதும். அதனால் ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் நின்று பார்த்து, படிப்படியாகச் சொல்ல வேண்டும்.

இறந்தவர்களின் உடல்கள் அடுத்த சிக்கல். குளிப்பாட்டுவதும் முகம் பார்ப்பதும் கட்டியழுவதும்தான் நம் துக்கம். உடலில் இருக்கும் கிருமிக்கு அதெல்லாம் வாசல். சுடுகாட்டு ஊழியர்கள் சிலர் பயந்து மறுத்தார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எபோலாவுக்கென வகுக்கப்பட்ட விதிமுறைகளை வைத்துக்கொண்டு, கோழிக்கோடு மாநகராட்சியின் சுகாதார அலுவலர் கோபகுமார் முன்னின்று இறுதிச் சடங்குகளை நடத்தினார். எரிப்பதை மார்க்கம் ஏற்காத குடும்பங்களுக்கு, உடலை உறைகளில் பொதிந்து மிக ஆழமான குழியில் அடக்கம் செய்ய வழி கண்டார்கள். விதிமுறை என்ற பெயரில் குடும்பத்தின் மனதை மிதித்திருந்தால் அடுத்த வீட்டில் காய்ச்சலை மறைத்திருப்பார்கள். பட்டியல் அங்கேயே அறுந்திருக்கும்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியர்களை ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஏற்ற மறுத்தார்கள். வௌவால் கடித்த பழங்கள் வழியாக நிபா வரும் என்ற பயத்தில் பழ வியாபாரம் படுத்தது. வளைகுடா நாடுகள் கேரளத்துப் பழங்களையும் காய்கறிகளையும் தடை செய்தன. வாட்ஸ்அப்பில் வராத மருந்தில்லை. இயற்கை வைத்தியர் ஒருவர் வௌவால் கடித்தது என்று சொல்லிப் பழங்களைத் தின்று காட்டி, நிபாவே பொய் என்று வீடியோ போட்டார். அதற்குப் போலீஸ் வழக்கும் வந்தது. ஆனால் அந்த வதந்திகளை அடக்கியதில் வழக்கைவிட அதிகம் உதவியது, அரசு ஒவ்வொரு நாளும் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் கண்காணிப்பில், எத்தனை மாதிரி அனுப்பினோம் என்று மறைக்காமல் சொன்னதுதான் என்பது என் எண்ணம். கெட்ட செய்தியையும் அரசே முதலில் சொல்லும் என்று மக்களுக்குப் பழகிவிட்டால் வாட்ஸ்அப்பைத் திறக்கும் அவசரம் குறையும்.

ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு புதிதாக யாருக்கும் நோய் உறுதியாகவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த எதிர்ப்புரத மருந்து வந்து சேர்ந்தபோது பரவல் ஓய்ந்துவிட்டது; அதை யாருக்கும் செலுத்த வேண்டியிருக்கவில்லை.

வௌவால் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் நோயாளியின் குடும்பம் சுத்தம் செய்த கிணற்றில் இருந்த வௌவால்களைப் பிடித்துச் சோதித்தபோது வைரஸ் இல்லை. உடனே வௌவால் குற்றமற்றது என்று செய்தி ஓடியது. அவை பூச்சி தின்னும் வௌவால்கள். நிபாவைச் சுமப்பது பழந்தின்னி வௌவால். பின்னர் அந்த வட்டாரத்துப் பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோது சிலவற்றில் வைரஸ் இருந்தது. அதற்காக மரத்தை வெட்டி வௌவால்களை விரட்டினால் ஆபத்துதான் கூடும்: இடம் பெயர்ந்து மிரண்ட வௌவால்கள் வைரஸை அதிகமாக வெளியேற்ற வாய்ப்புண்டு. வௌவால்கள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு: கீழே விழுந்த, கடிபட்ட பழத்தைத் தின்னாமல் இருப்பது.

அடுத்தடுத்த ஆண்டுகள்

2019 ஜூனில் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி மாணவருக்கு நிபா. இந்த முறை முதல் நோயாளியிடமே பிடித்துவிட்டார்கள். தொடர்பில் வந்த 300க்கு மேற்பட்டோரைக் கண்காணித்தார்கள், ஒருவருக்கும் தொற்றவில்லை, மாணவரும் பிழைத்து வீட்டுக்குப் போனார். 2021 செப்டம்பரில் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன் இறந்தான். அங்கேயும் நோய் அவனைத் தாண்டிப் போகவில்லை. இதற்கிடையே 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் உறுதியானபோது, பட்டியல் எடுக்கவும் வீட்டில் வைத்துக் கண்காணிக்கவும் தெரிந்த ஆட்கள் அங்கே தயாராக இருந்தார்கள்.

இப்படியே மேலே மேலே போய்க்கொண்டிருந்தால் நல்ல கதையாக முடிந்திருக்கும். 2023இல் சறுக்கியது. ஆகஸ்ட் 30 அன்று கோழிக்கோட்டில் ஒருவர் இறந்தார். நிபா என்று யாரும் நினைக்கவில்லை. அவருடைய ஒன்பது வயது மகனும் மைத்துனரும் படுத்தார்கள். அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் அப்போது இருந்த இன்னொருவர் செப்டம்பர் 11 அன்று இறந்தார். மறுநாள் நோய் உறுதியானது. மொத்தம் ஆறு பேர், அவர்களில் மருத்துவமனை ஊழியர் ஒருவர். மறுபடி அதே குடும்பம், அதே மருத்துவமனை, அதே கூட இருந்தவர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கண்டுபிடித்து, கண்காணிப்புக் கேமராப் பதிவுகளையெல்லாம் அலசி, புனேயிலிருந்து நடமாடும் ஆய்வகத்தையே வரவழைத்து, இரண்டு மரணங்களோடு நிறுத்தினார்கள். வென்டிலேட்டரில் இருந்த அந்தச் சிறுவன் பிழைத்தான். எதிர்வினை 2018ஐவிட வேகமாகவும் நேர்த்தியாகவும் இருந்தது. கண்டுபிடிப்பில் மட்டும் 2018இன் அதே இடைவெளி. 2024இலும் 2025இலும் மலப்புரம், பாலக்காடு பக்கம் நோய் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

இதில் எனக்குத் தெளிவாகப்படுவது, எதிர்வினையை ஒரு மாநிலம் கற்றுக்கொண்டு நினைவில் வைத்துக்கொள்ள முடியும், ஏனென்றால் அது அரசின் கையில் இருக்கிறது. கண்டுபிடிப்பது ஒவ்வொரு மருத்துவமனையின் ஒவ்வொரு இரவுப் பணி மருத்துவரின் கையில் இருக்கிறது. காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் வந்தால் மாதிரி அனுப்ப அவருக்கு வழி இருக்க வேண்டும். அனுப்பியதற்கு யாரும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. நூறு மாதிரி ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தாலும் நூற்றியொன்றாவதை அனுப்ப அவருக்குச் சலிப்பு வரக் கூடாது.

நாடு முழுவதும் 2004 முதல் நடக்கும் நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் நோக்கமே இதுதான். கிராம சுகாதாரப் பணியாளர் அறிகுறியை வைத்து ஒரு படிவம், மருத்துவர் தன் யூகத்தை வைத்து ஒரு படிவம், ஆய்வகம் முடிவை வைத்து ஒரு படிவம். அரசு மருத்துவமனைகளில் இது ஓரளவு நடக்கிறது. தனியார் மருத்துவமனைகளிலிருந்து வருவது குறைவு. ஆனால் நம் மக்களில் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு முதலில் போவது தனியாரிடம்தான். 2018இல் நிபாவைச் சந்தேகித்ததும் ஒரு தனியார் மருத்துவமனைதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நெருங்கிய பங்கு உண்டு. 1939ஆம் ஆண்டு மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே முன்னோடியான ஒன்று. தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் அதை அறிவிக்க வேண்டும் என்ற கடமை அதில் இருக்கிறது. அன்றைக்கு மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம்; ஆகவே 2018இல் கோழிக்கோட்டில் நடைமுறையில் இருந்ததும் இதே சட்டம்தான். 2023இல்தான் கேரளம் தன் முழு மாநிலத்துக்கும் புதிய சட்டம் கொண்டுவந்தது. நமக்கு அந்தச் சட்டத்தோடு, 1922 முதல் தனியே இயங்கும் பொது சுகாதாரத் துறையும் இருக்கிறது. பல மாநிலங்களில் இப்படித் தனித்துறை கிடையாது.

இவ்வளவு இருந்தும், கேரளத்தில் நிபா என்றதும் நாம் உடனே செய்வது எல்லைச் சோதனைச்சாவடியில் வெப்பமானியோடு ஆள் நிறுத்துவது. வாளையாறிலும் நீலகிரி எல்லையிலும் வண்டிகளை நிறுத்தி நெற்றியில் காட்டுவார்கள். தொலைக்காட்சியில் நன்றாகத் தெரியும். ஆனால் கிருமி உள்ளே போய் இரண்டு வாரம் வரை காய்ச்சலே இல்லாமல் ஒருவர் நடமாடலாம், அவரை அந்தக் கருவி பச்சை விளக்கோடு அனுப்பிவிடும். உண்மையிலேயே காய்ச்சலும் மயக்கமுமாக இருப்பவர் பஸ்ஸில் வரமாட்டார். அங்கேயே ஒரு மருத்துவமனையில் படுத்திருப்பார். அந்த ஊழியர்களைக் கோவை, கூடலூர், தென்காசி, நாகர்கோவில் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் உட்கார வைத்து, மூளைக்காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரின் குடும்பத்திடமும் இரண்டே இரண்டு கேள்வி கேட்கச் சொல்லலாம்: கடந்த மூன்று வாரத்தில் எங்கே போயிருந்தீர்கள், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா?

மருந்து இன்னும் கையில் இல்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி ஒன்றை மனிதர்களிடம் சோதிப்பது 2024 ஜனவரியில்தான் ஆரம்பித்தது. அது வந்து சேரும்வரை கையில் இருப்பவை பழைய ஆயுதங்கள்தான்: வார்டில் தண்ணீர் வரும் குழாய், தீராத சோப்பு, இருமுகிறவருக்கு முகக்கவசம், காய்ச்சல்காரருக்குத் தனி வரிசை, போதுமான செவிலியர். இவை எதற்கும் நிபா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காசநோய்க்கும் இன்ஃபுளுவென்சாவுக்கும் தட்டம்மைக்கும் இன்றைக்கே இவை தேவைப்படுகின்றன. ஸ்கேன் அறை வாசலில் இன்றைக்கும் கூட்டம் அப்படியேதான் நிற்கிறது. அதை மாற்றுவதற்கான செலவு எந்த மாநிலத்தின் சுகாதார பட்ஜெட்டையும் புரட்டிப்போடாது.